வட்டங்களின் (தாலுகாக்களின்) வரைபடத்தில் சுட்டியை நகர்த்தினால் பெயர்ப்பெட்டி மின்னுகிறது. சொடுக்கினால் பழைய நிறம் போகவில்லை

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போச்சம்பள்ளி வட்டம் சந்தூரில் எங்கள் சித்தப்பா ஒட்டு மாங்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறார். அல்போன்சா, பெங்களூரா, செந்தூரா, நீலம், மல்கோவா ஆகிய கன்றுகளை எந்த வட்டத்துக்கு எந்தக் கிழமையில் வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம் என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, அதை ஒரு வலைப்பக்கத்தில் காட்டிவிடலாம் என்று வேலையைத் தொடங்கினேன். தருமபுரி மாவட்டத்தின் 7 வட்டங்களும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 8 வட்டங்களும் அடங்கிய எஸ்விஜி (கோடுகளாலும் உருவங்களாலும் வரையும் வலைப்பட வடிவம்) வரைபடம் இடப்புறத்திலும், விவரப் பெட்டி வலப்புறத்திலும் இருக்கின்றன. சுட்டியை ஒரு வட்டத்தின் மேல் கொண்டுசென்றால் அதன் பெயர் சிறு பெட்டியில் சுட்டிக்கு அருகே தோன்ற வேண்டும். சொடுக்கினால் அந்த வட்டம் நிறம் மாறி, வலப்புறத்தில் விவரம் வர வேண்டும்.

ஒவ்வொரு வட்டமும் ஒரு குழு உறுப்பு (பல பகுதிகளைச் சேர்த்துவைக்கும் உறுப்பு). அதற்குள் எல்லைக்கோட்டு உருவமும், ஊர்ப்பெயர் எழுத்தும், தலைமையிடத்தைக் குறிக்கும் புள்ளியும் உள்ளன. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே மவுஸ்ஓவர் (சுட்டி மேலே வருதல்), மவுஸ்அவுட் (விலகுதல்), கிளிக் (சொடுக்குதல்) ஆகிய மூன்று நிகழ்வுகளுக்கும் செயற்கூறுகளை (நிகழ்வு எழும்போது இயங்கும் நிரல் துண்டுகளை) இணைத்திருக்கிறேன். சுட்டி பர்கூர் என்ற எழுத்தைத் தொட்டதும் பெயர்ப்பெட்டி மறைந்து மறுபடியும் தோன்றுகிறது. சில இடங்களில் நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கிறது. போச்சம்பள்ளியைச் சொடுக்கிவிட்டுப் பர்கூரைச் சொடுக்கினால் இரண்டும் நிறம் மாறியபடியே நிற்கின்றன. கைபேசியில் பெயர்ப்பெட்டி ஒரு முறை வந்தால் போவதே இல்லை. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தகடூர் நிரலர் எழுதியது:

முதலில் மின்னலைப் பார்ப்போம், தம்பி. மவுஸ்ஓவர் என்பது சுட்டி ஓர் உறுப்பின் மேல் வந்ததும் அந்த உறுப்பில் எழும் நிகழ்வு. அது அங்கேயே நின்றுவிடாமல் தாய் உறுப்புகள் வழியாக மேலே ஏறிச் செல்லும். கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்த மனு வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று மேலே போவதைப் போல, இடையில் உள்ள எவரும் அதைப் பார்க்கலாம், விரும்பினால் அங்கேயே நிறுத்தவும் செய்யலாம். உங்கள் குழு உறுப்பு இந்தப் பாதையின் நடுவில் அமர்ந்திருக்கிறது. சுட்டி எல்லை உருவத்திலிருந்து ஊர்ப்பெயர் எழுத்துக்குப் போகும்போது உலாவியைப் பொறுத்தவரை ஓர் உறுப்பை விட்டு மற்றோர் உறுப்புக்குப் போய்விட்டது. ஆகவே முதலில் உருவத்தில் மவுஸ்அவுட்டும், அடுத்து எழுத்தில் மவுஸ்ஓவரும் எழுகின்றன. இரண்டும் மேலே ஏறிக் குழுவை அடைவதால், சுட்டி பர்கூரை விட்டு வெளியே போகாதபோதும் உங்கள் செயற்கூறு பெட்டியை மறைத்துவிட்டு மீண்டும் காட்டுகிறது.

இதற்கென்றே மவுஸ்என்டர், மவுஸ்லீவ் என்ற இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. முதலில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் இருந்த இவை இப்போது எல்லா உலாவிகளிலும் இயங்குகின்றன. இவை மேலே ஏறுவதில்லை. உறுப்பின் எல்லைக்குள், அதன் பிள்ளை உறுப்புகள் உட்பட, சுட்டி நுழையும்போது ஒரு முறையும் முற்றிலும் வெளியேறும்போது ஒரு முறையும் மட்டுமே எழும். நீங்கள் இணைத்த பெயர்களை இவ்வாறு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நிற்காமல் மின்னுவதாகச் சொல்வது வேறு. பெயர்ப்பெட்டி சுட்டியின் நுனிக்கு நேர் கீழே தோன்றுகிறது என்று நினைக்கிறேன். பெட்டி தோன்றியவுடன் சுட்டி இருப்பது பெட்டியின் மேல், வட்டத்தின் மேல் அன்று. எனவே வெளியேறும் நிகழ்வு எழுந்து பெட்டி மறைகிறது. மறைந்ததும் சுட்டி மறுபடியும் வட்டத்தின் மேல் இருக்கிறது. பெட்டி மறுபடியும் தோன்றுகிறது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அந்தப் பெட்டிக்கு பாயின்டர்-ஈவன்ட்ஸ் பண்பை நன் (எதுவும் இல்லை) என்று வைத்துவிட்டால், சுட்டியின் கண்ணுக்கு அது இல்லாத பொருளாகிவிடும். நுனியிலிருந்து சற்றுத் தள்ளி வலப்புறம் கீழே வைப்பதும் நல்லது, ஏனெனில் நுனியிலேயே ஒட்டி வைத்தால் ஊர்ப்பெயரையே பெட்டி மறைக்கும்.

நிகழ்வு ஏன் மேலே ஏற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழங்கதை. நெட்ஸ்கேப் உலாவியின் நான்காம் பதிப்பு நிகழ்வை மேலிருந்து கீழே இறக்கியது. மைக்ரோசாஃப்ட் கீழிருந்து மேலே ஏற்றியது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட இரண்டாம் நிலை நிகழ்வு விதிகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டன: முதலில் இறங்கும், இலக்கை அடையும், பிறகு ஏறும். இன்றும், செயற்கூற்றை நிகழ்வோடு இணைக்கும் ஆட்ஈவன்ட்லிஸனரின் மூன்றாவது உள்ளீடு இந்த இரண்டு வழிகளில் எதில் கேட்பது என்பதைத் தீர்மானிப்பதற்குத்தான் முதலில் வந்தது.

ஓசூர் இரவுப்பணி எழுதியது:

நிறம் மாறுவதற்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் எதற்கு? குழுவின் மேல் சுட்டி இருக்கும்போது உள்ளே இருக்கும் உருவத்தின் நிறத்தை மாற்று என்று சிஎஸ்எஸ்ஸின் ஹோவர் விதியில் ஒரு வரி எழுதினால் போதும். பிள்ளை உறுப்பு, தாய் உறுப்பு என்ற குழப்பம் அங்கே எழுவதே இல்லை. சுட்டி சென்ற பிறகும் நினைவில் நிற்க வேண்டிய மாற்றத்துக்குத்தான் நிரல் தேவை.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். எல்லைக்கோட்டைத் தடிமனாக்கிக் காட்ட நினைத்தால், எஸ்விஜியில் பின்னால் எழுதப்பட்ட உறுப்பே மேலே வரையப்படும் என்பதால், பக்கத்து வட்டம் உங்கள் தடித்த கோட்டின் பாதியை விழுங்கிவிடும். அதைத் தீர்க்க, சுட்டி நுழைந்ததும் அந்தக் குழுவைப் பெயர்த்துக் கடைசியில் சேர்ப்பார்கள். உறுப்பை இடம் மாற்றியதும் சில உலாவிகள் நுழைவு நிகழ்வை மறுபடியும் எழுப்புவதும், வெளியேறும் நிகழ்வை விழுங்கிவிடுவதும் உண்டு. எல்லா வட்டங்களுக்கும் மேலே வெற்று உருவம் ஒன்றை வைத்து, சுட்டி இருக்கும் வட்டத்தின் கோட்டு விவரத்தை அதில் நகலெடுத்துக் காட்டுவதே தொல்லையில்லாத வழி. அந்த உருவத்துக்கும் தகடூர் நிரலர் சொன்ன பாயின்டர்-ஈவன்ட்ஸ் நன் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பழைய மின்னல் திரும்பி வரும்.

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

மிக்க நன்றி, அண்ணா. பெயர்களை மாற்றியதும் எழுத்தின் மேல் மறைவது நின்றுவிட்டது. பெட்டியைத் தள்ளி வைத்ததும் மின்னலும் போய்விட்டது. பக்கத்தைக் கீழே உருட்டினால் மட்டும் பெட்டி சுட்டியை விட்டு வெகுதூரம் மேலே போய் நிற்கிறது. இரண்டு வட்டங்கள் ஒன்றாக நிறம் மாறி நிற்பதும் அப்படியே இருக்கிறது. சொடுக்கும்போது அந்த உருவத்தின் நிறத்தை நேரடியாக ஆரஞ்சாக மாற்றுகிறேன். பழையதைத் திரும்பப் பச்சையாக்க, எல்லா வட்டங்களையும் சுற்றிவந்து பச்சையாக்கிவிட்டுப் பிறகு ஒன்றை ஆரஞ்சாக்குவதுதான் வழியா?

தகடூர் நிரலர் எழுதியது:

உருட்டல் சிக்கலுக்குக் காரணம் அளவீட்டுத் தொடக்கம். நிகழ்வோடு வரும் கிளையன்ட்எக்ஸ், கிளையன்ட்ஒய் ஆகிய எண்கள் கண்ணுக்குத் தெரியும் சாளரத்தின் மூலையிலிருந்து அளக்கப்படுகின்றன. பேஜ்எக்ஸ், பேஜ்ஒய் ஆகியவை முழுப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து அளக்கப்படுகின்றன. நீங்கள் முதல் வகை எண்ணை எடுத்து, பக்கத்தோடு சேர்ந்து உருளும் பெட்டிக்குக் கொடுத்திருப்பீர்கள். பெட்டியின் பொசிஷனை ஃபிக்ஸ்ட் என்று மாற்றினால் இரண்டும் ஒரே மூலையிலிருந்து அளக்கப்படும். நிறத்தைப் பற்றி அரூர் ஆசிரியை சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். அவர் மாணவர்களுக்கு இதையே பாடமாக நடத்துகிறார்.

அரூர் ஆசிரியை எழுதியது:

எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஆரஞ்சாக்கினாலும் பக்கம் சரியாகத் தெரியும். ஆனால் நாளைக்கு இந்த வட்டத்துக்கு இந்த வாரம் வண்டி இல்லை என்று சாம்பல் நிறத்தில் சிலவற்றைக் காட்ட நினைக்கும்போது, எது எந்த நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது நிரலுக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் எந்த வட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்ற செய்தி இப்போது நிறத்தில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்து ஒரு மாறியில் (நிரல் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடத்தில்) வையுங்கள். தேர்ந்த வட்டம் என்று அதற்குப் பெயர் இருக்கட்டும். தொடக்கத்தில் அது வெறுமையாக இருக்கட்டும். சொடுக்கு நிகழ்வு செய்ய வேண்டிய வேலை அந்த மாறியை மாற்றிவிட்டு, தீட்டு என்ற ஒரே செயற்கூற்றை அழைப்பது மட்டுமே. தீட்டு செயற்கூறு ஒவ்வொரு குழுவையும் பார்த்து, அதன் பெயர் மாறியில் உள்ள பெயரோடு ஒத்துப்போனால் தேர்வு என்ற வகுப்பை (சிஎஸ்எஸ் விதி அடையாளம் காணும் பெயரை) சேர்க்கும், இல்லாவிட்டால் நீக்கும். கிளாஸ்லிஸ்ட்டின் டாகிள் முறைக்கு இரண்டாவது உள்ளீடாக உண்மை அல்லது பொய் கொடுத்தால் இது ஒரு வரியில் முடியும். நிறங்கள் அனைத்தும் சிஎஸ்எஸ் கோப்பில் இருக்கும். நிரலில் ஆரஞ்சு என்ற சொல்லே வராது. பதினைந்து உறுப்புகளைச் சுற்றிவர உலாவிக்கு நேரமே ஆகாது.

15 குழுக்களுக்கும் தனித்தனியே கிளிக்கை இணைப்பதும் தேவையில்லை. நிகழ்வு மேலே ஏறுகிறது என்பது மவுஸ்ஓவரில் உங்களுக்குத் தொல்லையாக இருந்தது. கிளிக்கில் அதுவே வசதியாகிறது. எஸ்விஜி உறுப்புக்கு மட்டும் ஒரு செயற்கூற்றை இணையுங்கள். ஒருவர் பர்கூர் என்ற எழுத்தின் மேல் சொடுக்கினார் என்று வைத்துக்கொள்வோம். நிகழ்வின் டார்கெட் அந்த எழுத்து உறுப்பாக இருக்கும். அதன் மேல் குளோசஸ்ட் முறையை அழைத்து, டேட்டா-வட்டம் என்ற பண்பு உள்ள நெருங்கிய மூதாதை உறுப்பைக் கேட்டால் பர்கூர் குழு கிடைக்கும். அந்தப் பண்பின் மதிப்பை மாறியில் எழுதினால் வேலை முடிந்தது. எல்லைக்கு வெளியே வெற்றிடத்தில் சொடுக்கினால் குளோசஸ்ட் எதையும் தராது. அதைச் சோதித்து அங்கேயே திரும்பிவிட வேண்டும். சோதிக்காத நிரல் முதல் வெற்றுச் சொடுக்கிலேயே பிழை காட்டி நிற்கும்.

விவரப் பெட்டியில் எழுதும்போது, குறியீடுகளையும் பக்கமாக ஏற்கும் இன்னர்எச்டிஎம்எல்லைத் தவிர்த்து, வெறும் எழுத்தாகவே வைக்கும் டெக்ஸ்ட்கன்டென்ட்டைப் பயன்படுத்துங்கள். இப்போது விவரங்களை நீங்களே எழுதுகிறீர்கள், சரி. நாளை வாடிக்கையாளர் அனுப்பும் குறிப்பு ஏதேனும் அதே வழியாகப் பக்கத்துக்குள் வந்தால், அதில் மறைந்திருக்கும் குறியீடும் உங்கள் பக்கத்தில் இயங்கிவிடும்.

ஓசூர் இரவுப்பணி எழுதியது:

ஆசிரியை சொன்ன அமைப்பு சரியானதே. ஆனால் சுட்டி மேலே வந்ததுமே வலப்புற விவரமும் மாறினால் என்ன? சொடுக்கும் வேலை மிச்சம். பார்ப்பவர் சுட்டியை ஓட்டிக்கொண்டே எல்லா வட்டங்களையும் பார்த்துவிடலாம்.

அரூர் ஆசிரியை எழுதியது:

அஞ்செட்டியின் விவரத்தைப் பார்த்துவிட்டு, வலப்புறப் பெட்டியில் இருக்கும் வாட்ஸ்அப் பொத்தானை அழுத்த ஒருவர் சுட்டியைக் கொண்டுபோகிறார். அஞ்செட்டி மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பெட்டியை அடைவதற்குள் சுட்டி தேன்கனிக்கோட்டையையும் போச்சம்பள்ளியையும் ஊத்தங்கரையையும் கடந்தாக வேண்டும். பொத்தானை அழுத்தும்போது பெட்டியில் இருப்பது ஊத்தங்கரையின் விவரமாக இருக்கும். கன்று கேட்டவர் ஊரும் வண்டி போகும் ஊரும் வேறாகிவிடும். சுட்டியின் நகர்வு பயனரின் முடிவு அன்று, அவர் கை போகும் வழி மட்டுமே. ஆகவே நகர்வுக்கு வெளிர்நிறமும் பெயரும் போதும். விவரத்தை மாற்றுவதும் பொத்தானை மாற்றுவதும் சொடுக்கின் வேலை. இரண்டுக்கும் வெவ்வேறு வகுப்புகள் இருக்க வேண்டும், அப்போதுதான் தேர்ந்த வட்டத்தின் மேலேயே சுட்டி போகும்போது அடர்நிறம் அழியாது.

காரிமங்கலம் கைபேசி எழுதியது:

நீங்கள் எல்லோரும் மேசைக்கணினியை வைத்தே பேசுகிறீர்கள். தோட்டத்தில் நின்றுகொண்டு கன்று விலை கேட்பவர் கையில் இருப்பது கைபேசி. அதில் சுட்டி கிடையாது, மேலே வந்து நிற்றல் என்பதும் கிடையாது. பழைய பக்கங்கள் இயங்க வேண்டும் என்பதற்காக, விரலை எடுத்ததும் உலாவி தானாகவே மவுஸ்ஓவர், மவுஸ்மூவ், மவுஸ்டவுன், மவுஸ்அப், கிளிக் என்று ஒரு வரிசையைப் போலியாக எழுப்புகிறது. நுழைந்ததற்கான நிகழ்வு வருகிறது. அடுத்து வேறிடத்தைத் தொடும்வரை வெளியேறும் நிகழ்வு வருவதில்லை. கேள்வி கேட்டவரின் பெட்டி கைபேசியில் போகாமல் நிற்பதற்கு இதுவே காரணம். சிஎஸ்எஸ் ஹோவரும் அதேபோல் ஒட்டிக்கொள்ளும்.

சிஎஸ்எஸ் விதியை ஹோவர் வசதி உள்ள கருவிகளுக்கு மட்டும் என்ற மீடியா நிபந்தனைக்குள் வையுங்கள். நிரலில் மவுஸ்என்டருக்குப் பதிலாக பாயின்டர்என்டரை வைத்து, நிகழ்வோடு வரும் பாயின்டர்டைப் மவுஸ் என்று இருந்தால் மட்டும் பெயர்ப்பெட்டியைக் காட்டுங்கள். சுட்டி, விரல், எழுதுகோல் மூன்றுக்கும் பொதுவான இந்த நிகழ்வுகளை டபிள்யு3சி 2015இல் பரிந்துரையாக்கியது. ஆப்பிளின் சஃபாரி 2019இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. இப்போது அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

வேறொரு தொல்லையும் உண்டு. கைபேசித் திரையின் அகலத்தில் இரண்டு மாவட்டங்களையும் அடக்கினால் எங்கள் காரிமங்கலம் விரல் நுனிக்குள் மறைந்துபோகும். வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல் வழிகாட்டியின், 2023இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. அதுவே குறைந்தபட்ச அளவுதான். வரைபடத்துக்குக் கீழே 15 வட்டங்களின் பெயர்களும் உள்ள தேர்வுப்பட்டியல் ஒன்றை வையுங்கள். அதுவும் அதே மாறியை மாற்றி அதே தீட்டு செயற்கூற்றை அழைக்கட்டும்.

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

பட்டியலைச் சேர்த்துவிட்டேன். பட்டியலில் பாலக்கோட்டைத் தேர்ந்தால் வரைபடத்திலும் பாலக்கோடு நிறம் மாறுகிறது. அதற்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கி, சுட்டியால் பிடித்து இழுத்து நகர்த்தும் வசதியையும் வைத்தேன். இழுத்துவிட்டுக் கையை எடுத்ததும் சுட்டி எந்த வட்டத்தில் நிற்கிறதோ அது தேர்வாகிவிடுகிறது.

ஓசூர் இரவுப்பணி எழுதியது:

அழுத்தியதும் எடுத்ததும் ஒரே உறுப்புக்குள் நடந்திருந்தால், இடையில் எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் உலாவி அதைக் கிளிக் என்றே கொள்ளும். வெவ்வேறு உறுப்புகளில் நடந்தால் இப்போதைய உலாவிகள் இரண்டுக்கும் பொதுவான மூதாதையில் கிளிக்கை எழுப்புகின்றன. நீங்கள் இழுக்கும்போது வரைபடமும் சுட்டியோடு சேர்ந்து நகர்வதால், எடுக்கும்போதும் சுட்டிக்குக் கீழே அதே வட்டமே இருக்கும். ஆகவே அழுத்திய இடத்தைக் குறித்துவைத்து, அங்கிருந்து நாலைந்து பிக்சலுக்கு மேல் நகர்ந்தால் இது இழுவை என்று ஒரு கொடி (ஆம், இல்லை என்று குறித்துவைக்கும் மாறி) ஏற்றிவிட்டு, கிளிக் செயற்கூற்றில் அந்தக் கொடி இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்புங்கள். கொடியை அடுத்த முறை அழுத்தும்போது இறக்குங்கள். கையை எடுக்கும்போதே இறக்கினால், கிளிக் அதற்குப் பிறகு வருவதால் பயன் இல்லாமல் போகும்.

சுட்டி வரைபடத்துக்கு வெளியே போனாலும் இழுவை அறுபடாமல் இருக்க செட்பாயின்டர்கேப்சர் உதவும். அதை அழுத்தியவுடனே அழைத்துவிடாதீர்கள். அழைத்தால் அதன் பிறகு வரும் நிகழ்வுகள், கிளிக் உட்பட, பிடித்துவைத்த உறுப்புக்கே போகும். டார்கெட் எஸ்விஜியாக மாறிவிடும். ஆசிரியை சொன்ன குளோசஸ்ட்டுக்கு எந்த வட்டமும் கிடைக்காது. கொடி ஏறிய பிறகு அழையுங்கள். கைபேசியில் விரலால் இழுக்க டச்-ஆக்‌ஷன் பண்பையும் நன் என்று வைக்க வேண்டும். ஆனால் அப்படி வைத்தால் வரைபடத்தின் மேல் விரல் வைத்துப் பக்கத்தை உருட்ட முடியாது. என்னைக் கேட்டால், 15 வட்டங்கள் மட்டும் உள்ள வரைபடத்துக்குக் கைபேசியில் இழுவையே வேண்டாம்.

தகடூர் நிரலர் எழுதியது:

இழுவைக்கும் பெயர்ப்பெட்டிக்கும் நகர்வு நிகழ்வைக் கேட்கிறீர்கள் என்பதால் ஒரு சொல். அந்த நிகழ்வு திரை புதுப்பிக்கப்படும் வேகத்தைவிட விரைவாக வரலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு முறை படம் வரையக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி மட்டுமே. நகர்வுச் செயற்கூற்றில் எண்களைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்தி, பெட்டியை நகர்த்தும் வேலையை, அடுத்த முறை திரை வரையப்படும் முன் இயங்கும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேமிடம் ஒப்படையுங்கள். டாப், லெஃப்ட் ஆகியவற்றை மாற்றுவதைவிட டிரான்ஸ்ஃபார்மை மாற்றுவது இலகுவானது, ஏனெனில் பக்கத்தின் தளவமைப்பை உலாவி மறுபடியும் கணக்கிட வேண்டியதில்லை.

அரூர் ஆசிரியை எழுதியது:

சுட்டியும் இல்லாமல் தொடுதிரையும் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் பக்கத்தைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. எஸ்விஜி குழுவைக் குவியத்துக்கு (டேப் விசையை அழுத்தினால் வந்து நிற்கும் நிலைக்கு) கொண்டுவர டேப்இன்டெக்ஸ் சுழியமும், பொத்தான் என்று அறிவிக்க ரோல் பண்பும் வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால் மட்டும் என்டர் விசை கிளிக்காக மாறாது. உண்மையான பட்டன் உறுப்புக்குத்தான் உலாவி அந்தச் சலுகையைத் தருகிறது. என்டருக்கும் இடைவெளி விசைக்கும் நீங்களே நிரல் எழுத வேண்டும். தேர்வுப்பட்டியல் இருப்பதால் உங்கள் பக்கத்தில் அந்தச் சுமை குறைவு. வரைபடத்தைப் பார்வைக்கு என்றும், பட்டியலை எல்லோருக்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பெயர்ப்பெட்டியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அதே அணுகல் வழிகாட்டியின், 2018இல் வந்த 2.1 பதிப்பின் 1.4.13ஆம் விதி, சுட்டி மேலே வருவதால் தோன்றும் பெட்டியைப் பயனர் சுட்டியை நகர்த்தாமலே மூட முடிய வேண்டும் என்றும், அந்தப் பெட்டியின் மேலேயே சுட்டியைக் கொண்டுபோனாலும் அது மறையக்கூடாது என்றும் கேட்கிறது. திரையைப் பலமடங்கு பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கு இது தேவை. பாயின்டர்-ஈவன்ட்ஸ் நன் வைத்த பெட்டி இந்த இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றாது. வரைபடத்துக்கு மேலே நிலையான ஒரு வரியை ஒதுக்கி, சுட்டி இருக்கும் வட்டத்தின் பெயரை அங்கே எழுதினால், மின்னல், உருட்டல், நகர்வு வேகம் என்று இவ்வளவு நேரம் பேசிய எதுவும் எழாது.

தகடூர் நிரலர் எழுதியது:

கண் வரைபடத்தில் இருக்கும்போது பெயரைப் படிக்க மேலே போக வேண்டியிருக்கும் என்பது என் தயக்கம். இருந்தாலும் ஊர்ப்பெயர்கள் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்கும் இந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன்.

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

பெட்டியை நீக்கிவிட்டு மேல்வரியை வைத்துவிட்டேன். சித்தப்பாவுக்கு அதுவே பிடித்திருக்கிறது. கடைசியாக ஒன்று கேட்கிறேன்: பர்கூர் விவரம் திறந்த நிலையிலேயே பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்ப வழி உண்டா? இப்போது அனுப்பினால் எதுவும் தேர்வாகாத வெறும் வரைபடம்தான் திறக்கிறது.

அரூர் ஆசிரியை எழுதியது:

உண்டு. தேர்ந்த வட்டத்தின் பெயரை முகவரியின் இறுதியில் # குறிக்குப் பிறகு வையுங்கள். வரைபடச் சொடுக்கும் தேர்வுப்பட்டியலும் அந்தப் பகுதியை மட்டும் மாற்றட்டும். அது மாறும்போது எழும் ஹாஷ்சேஞ்ச் நிகழ்வில் மாறியைப் புதுப்பித்துத் தீட்டு செயற்கூற்றை அழையுங்கள். பக்கம் முதலில் திறக்கும்போதும் ஒரு முறை அழையுங்கள். உலாவியின் பின்செல் பொத்தான் முந்தைய வட்டத்துக்குத் திரும்புவதும் இதோடு சேர்ந்து கிடைக்கும். # குறிக்குப் பிறகு தமிழில் எழுதினால் உலாவி அதை விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாற்றித் தரும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது மிக நீளமான முகவரியாகத் தெரியும். எனவே டேட்டா-வட்டம் பண்பில் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒன்று முதல் 15 வரை எண் கொடுத்து, அந்த எண்ணையே முகவரியில் வையுங்கள்.

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

எண்களை வைத்துவிட்டேன். பர்கூருக்கான முகவரியை என் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பார்த்தேன். வரைபடத்திலும் பட்டியலிலும் பர்கூரே தேர்வாகி வந்தது.

தகடூர் நிரலர் எழுதியது:

முகவரியில் யாராவது 16 என்று கையால் மாற்றினால் தீட்டு செயற்கூறு என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், தம்பி. அப்படி ஒரு வட்டம் இல்லை என்றால் மாறியை வெறுமையாக்கித் தீட்டச் சொல்வது போதும்.

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

பார்த்தேன், அண்ணா. விவரப் பெட்டி பிழை காட்டியது. நீங்கள் சொன்ன சோதனையைச் சேர்த்ததும் வெறும் வரைபடம் வருகிறது. இந்த இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.